இப்போது யார் பார்க்கிறார்கள்?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நான் புதுக்கோட்டையில் இருக்கிறேன். மகளுக்கு 6 வயது, மகனுக்கு 2 வயது 3 மாதம். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். இந்த மே மாத விடுமுறையில் ஒன்பது நாள் மலேசியா போகிறோம். திருச்சியிலிருந்து நானும் மாமியாரும் பிள்ளைகளோடு கோலாலம்பூர் போய்விடுவோம், கணவர் இரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்துகொள்வார். 29வது மாடியில், நீச்சல் குளத்தோடு ஒரு அபார்ட்மென்ட் புக் பண்ணியிருக்கிறார். பத்துமலை, பினாங்கு போகிற திட்டம். எனக்கு இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். மகளுக்கு அவ்வப்போது வீசிங் வரும். தெரியாத ஊரில் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, என்னென்ன மருந்து எடுத்துப்போவது? பிள்ளை கடத்தல் பற்றி வாட்ஸ்அப்பில் வருகிற வீடியோக்களைப் பார்த்து ராத்திரி தூக்கமே வரவில்லை. விமானத்தில் பையன் அழாமல் இருக்கத் தூக்க சிரப் கொடுக்கலாமா? கணவர் "அங்கே எல்லாம் கிடைக்கும், ஒன்றும் ஆகாது" என்கிறார்.

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன் அம்மா. நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் மூன்று முறையும் என் கண் போய் நின்றது நீங்கள் கேள்வியாகவே கேட்காத ஒரு வரியில்: 29வது மாடி, நீச்சல் குளம். அதனால் அங்கிருந்துதான் ஆரம்பிக்கப் போகிறேன், காய்ச்சலுக்கு அப்புறம் வருகிறேன்.

திருச்சியில் இருபத்திரண்டு வருடமாகக் குழந்தைகள் டாக்டராக இருக்கிறேன். இங்கிருந்து சிங்கப்பூரும் மலேசியாவும் இப்போது பக்கத்து ஊர் மாதிரி ஆகிவிட்டது. விடுமுறைக்கு முன்னால் வருகிற அம்மாக்கள் எல்லோரும் கேட்பது உங்கள் கேள்விகளைத்தான். காய்ச்சல், சாப்பாடு, தண்ணீர், யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களா. ஒருத்தர்கூட "டாக்டர், காரில் எப்படி உட்கார வைப்பது, குளத்தில் யார் பக்கத்தில் இருப்பது" என்று கேட்டதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 5 முதல் 29 வயது வரையுள்ளவர்கள் இறப்பதற்கு முதல் காரணம் சாலை விபத்து. 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள், அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு 5 வயதுகூட நிரம்பாத குழந்தைகள். வெளியூருக்குப் போனால் இந்த இரண்டும் கூடத்தான் செய்யும், ஏனென்றால் வீட்டில் இல்லாத குளம் அங்கே காலடியில் இருக்கிறது, வீட்டில் ஏறாத வண்டியில் எல்லாம் ஏறுகிறோம், பெரியவர்கள் நாமும் வேடிக்கை பார்க்கத்தானே போயிருக்கிறோம்.

ஒன்று சொல்கிறேன், இது என் கண்ணால் பார்த்தது. சில வருடங்களுக்கு முன்னால் குடும்பத்தோடு பினாங்கு போயிருந்தோம். தங்கின இடத்தில் ஒரு குளம், பெரியவர்களுக்கு இடுப்பளவு ஆழம்தான். குளத்தைச் சுற்றி நாங்கள் ஐந்து பெரியவர்கள். என் தங்கை மகனுக்கு அப்போது மூன்றரை வயது, படியில் உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தான். தங்கை போனில் பேசிக்கொண்டிருந்தாள், "அக்கா பார்த்துக்கொள்வாள்" என்று நினைத்தாளாம். நான் என் மகளுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன், அவன் அப்பா தண்ணீருக்குள்ளேயே நிற்கிறாரே என்று நினைத்தேன். அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பெரிய பையனுக்குக் கை வீசச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒன்று சரியில்லை என்று எனக்குப் பட்டது ஒரு சத்தத்தினால் இல்லை, அந்தக் கிண்ணம் தண்ணீரை ஊற்றுகிற சத்தம் நின்றுபோனதால். திரும்பிப் பார்த்தால் கிண்ணம் தனியாக மிதக்கிறது. அவன் படியை விட்டு இரண்டடி தள்ளி, தலையைப் பின்னால் சாய்த்து, வாய் தண்ணீர் மட்டத்தில் ஏறி இறங்க, கண் மேல் முடி விழுந்து, இரண்டு கையாலும் தண்ணீரைக் கீழே அழுத்திக்கொண்டிருந்தான், ஏணியில் ஏறப் பார்க்கிற பிள்ளை மாதிரி. கத்தவில்லை, கையை ஆட்டவில்லை, தண்ணீர் தெறிக்கவில்லை. சேலையோடு இறங்கித் தூக்கினேன். இருமினான், வாந்தி எடுத்தான், அப்புறம் அழுதான். அந்த அழுகைச் சத்தம் கேட்டபிறகுதான் எனக்குக் கால் நடுங்க ஆரம்பித்தது.

மூழ்குகிற குழந்தை கத்தாது அம்மா. மூச்சு விடுவதற்கே வாய் போதாதபோது கத்துவதற்கு மூச்சு எங்கே இருக்கும்? அதனால் "சத்தம் கேட்டால் ஓடிப்போகலாம்" என்பது குளத்தில் செல்லாது. இன்னொன்றும் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஒருத்தர் மட்டும் இருந்திருந்தால் அவன் மேல் கண் இருந்திருக்கும். ஐந்து பேர் இருந்ததால் யாரும் பார்க்கவில்லை. ஆள் கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வந்தது, அதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன். ஒரு சிவப்புக் கயிற்றில் கோத்த விசில். அது யார் கழுத்தில் இருக்கிறதோ அவர்தான் அந்த நேரத்துக்குப் பிள்ளையைப் பார்ப்பவர். அவர் போன் எடுக்கக்கூடாது, புத்தகம் படிக்கக்கூடாது, போட்டோ எடுக்கக்கூடாது, அரட்டை அடிக்கக்கூடாது. பாத்ரூம் போகவேண்டுமென்றால் விசிலைக் கழற்றி இன்னொருத்தர் கழுத்தில் போட்டு "இப்போது நீ" என்று வாயால் சொல்லவேண்டும், அவர் "சரி, நான்" என்று திருப்பிச் சொல்லவேண்டும். கண் ஜாடை எல்லாம் கணக்கில் வராது. இருபது நிமிடத்துக்கு மேல் ஒரே ஆள் வேண்டாம், கண் அலுத்துவிடும். இதைக் குளத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஏர்போர்ட்டில் பெட்டி வருவதற்குக் காத்திருக்கும்போது, கடையில் பில் போடும்போது, பத்துமலைப் படியில், பெரியவர்கள் எல்லோரும் ஒரே வேலையில் மும்முரமாகிற எந்த இடத்திலும் இதுதான் முறை. வெளிநாட்டில் பிள்ளையோடு பத்திரமாக இருப்பதற்கு என்னிடம் ஒரே ஒரு யோசனைதான் கேட்பீர்கள் என்றால் இந்த விசிலைத்தான் சொல்வேன்.

குளத்தில் உங்கள் மகன் கை நீட்டினால் எட்டுகிற தூரத்திலேயே இருக்கவேண்டும், நீங்களும் தண்ணீருக்குள் இருக்கவேண்டும். கையில் மாட்டுகிற காற்றுப் பட்டை, வாத்து டியூப் எல்லாம் விளையாட்டுச் சாமான்தான், நழுவும், கவிழும். அடுக்குமாடிக் குளங்களில் உயிர்காப்பாளர் இருப்பார் என்று நம்பிப் போகாதீர்கள். உங்கள் அத்தை எவ்வளவு கவனமானவராக இருந்தாலும் தண்ணீரில் இறங்க முடியாதவர் என்றால் குளத்தில் விசில் அவர் கழுத்துக்குப் போகக்கூடாது, இதை அவர் மனம் நோகாமல் ஊரிலேயே பேசிவிடுங்கள். கணவர் வருவதற்கு முந்தின அந்த இரண்டு நாளும் குளமே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மகள் கொஞ்சம் அழுவாள், பரவாயில்லை. இன்னொன்று, குளியலறைத் தொட்டியிலோ வாளியிலோ தண்ணீர் பிடித்து வைக்கிற நம் ஊர் பழக்கத்தை அங்கே விட்டுவிடுங்கள். இரண்டு வயசுப் பையனுக்குப் பாதி வாளித் தண்ணீரே போதும்.

இனி அந்த 29வது மாடி. முடிந்தால் கீழ் மாடிக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள், வெட்கப்படாமல் கேளுங்கள், சின்னப் பிள்ளைகள் என்றால் பலர் மாற்றித் தருவார்கள். மாற்றாவிட்டாலும் வீட்டுக்காரரிடம் இந்த மூன்றையும் இப்போதே கேட்டு வாங்குங்கள்: பால்கனிக் கதவுக்குப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் இருக்கிறதா, ஜன்னல் எவ்வளவு தூரம் திறக்கும், பால்கனி கம்பிகளுக்கு நடுவில் இடைவெளி எவ்வளவு. 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் அந்த பால்கனி ஒன்பது நாளும் பூட்டியே இருக்கட்டும். போய் இறங்கியதும் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால், பிள்ளைகளை அத்தையிடம் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, நீங்கள் அறை அறையாக மண்டியிட்டு ஒரு சுற்று வாருங்கள். நிற்கும்போது தெரியாதது எல்லாம் அந்த உயரத்தில் தெரியும், ஜன்னலுக்குக் கீழே போட்டிருக்கிற சோபா, பால்கனியில் கைப்பிடிச் சுவரை ஒட்டிப் போட்டிருக்கிற நாற்காலி, சிங்க் அடியில் திறந்து கிடக்கிற கிளீனர் பாட்டில். நாற்காலியை உள்ளே இழுங்கள், சோபாவை நகர்த்துங்கள். பத்து நிமிட வேலை. மகனை விட மகளைப் பற்றித்தான் எனக்கு இங்கே யோசனை, அவளுக்குத்தான் தாழ்ப்பாள் திறக்கத் தெரியும், தம்பிக்குத் திறந்துவிடவும் தோன்றும். அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டி, "இந்தக் கதவை அம்மாதான் திறப்பேன்" என்று சொல்லி வையுங்கள்.

கார் விஷயத்தில் நம் ஊரில் எல்லோரும் செய்கிற தப்பு, பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வது. "நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன்" என்பார்கள். 12 கிலோ பிள்ளை, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் எதன் மேலாவது மோதிச் சட்டென்று நின்றால், உங்கள் கையை இழுக்கிற விசை முந்நூறு கிலோ எடைக்கு மேல் போய்விடும். எந்தத் தாயின் கைக்கும் அந்தப் பலம் கிடையாது. முன் சீட்டில் மடியில் வைத்தால் இன்னும் மோசம், ஏர்பேக் பிள்ளையின் முகத்தில் வெடிக்கும். மலேசியாவில் 2020 ஜனவரியிலிருந்து சொந்தக் கார்களில் குழந்தை இருக்கை கட்டாயம், ஆனால் நீங்கள் கூப்பிடுகிற வாடகை வண்டியில் அது இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் மகனுக்கான இருக்கையும் மகளுக்கு ஒரு பூஸ்டர் சீட்டும் அங்கேயே வாடகைக்கு எடுக்கச் சொல்லுங்கள், அல்லது இங்கிருந்தே கொண்டுபோங்கள், பல விமான நிறுவனங்கள் குழந்தை இருக்கைக்குத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை, டிக்கெட் போட்ட இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பினாங்குக்கு வாடகைக் காரில் போகப் போகிறீர்களா? நெடுஞ்சாலையில் 350 கிலோமீட்டர். நானாக இருந்தால் ரயிலில் போவேன். கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு இ.டி.எஸ். ரயில், நாலு மணி நேரம் சொச்சம். பட்டர்வொர்த் ஸ்டேஷனிலிருந்து நடந்து போய்ப் படகு ஏறினால் கொஞ்ச நேரத்தில் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரம். பிள்ளைகள் எழுந்து நடக்கலாம், பாத்ரூம் இருக்கிறது, வாந்தி வராது, சாலையும் இல்லை. மே மாதம் விடுமுறைக் கூட்டம் இருக்கும், டிக்கெட்டை முன்னாலேயே எடுத்துவிடுங்கள். ஊருக்குள் காரிலிருந்து இறங்கும்போது எப்போதும் இடது பக்கக் கதவு வழியாகவே இறக்குங்கள். நம்மூர் மாதிரியே அங்கேயும் வண்டிகள் இடது பக்கம்தான் ஓடும், வலது பக்கம் மோட்டார் சைக்கிள்கள் சந்து கிடைத்த இடமெல்லாம் பாய்ந்து வரும்.

இனி உங்கள் தூக்கத்தைக் கெடுத்த விஷயம். அந்த வீடியோக்களை அழித்துவிடுங்கள். அறிமுகமில்லாத ஆள் சுற்றுலா வந்த பிள்ளையைத் தூக்கிப்போவது மிக அபூர்வம். பிள்ளை கூட்டத்தில் தவறிப்போவது அப்படியில்லை, அது யாருக்கும் நடக்கும், அதற்குத் தயாராக இருக்கலாம். போனதும் ஏர்போர்ட்டிலேயே உள்ளூர் சிம் வாங்குங்கள். அந்த எண்ணை தினமும் காலையில் பால்பாயின்ட் பேனாவால் இரண்டு பேருக்கும் முன்னங்கையின் உள்பக்கம் எழுதுங்கள், அதன் மேல் கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற ஒரு பிளாஸ்திரி ஒட்டினால் வியர்வையில் அழியாது. பையில், சட்டையில் பெயரை வெளியே தெரிகிற மாதிரி எழுதவேண்டாம், யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை தெரிந்தவர் என்று நம்பிவிடும். கிளம்பும்போது அன்றைக்குப் போட்ட உடையோடு இருவரையும் ஒரு போட்டோ எடுங்கள், செருப்பு தெரிகிற மாதிரி. காணவில்லை என்று சொல்கிற நேரத்தில் "என்ன கலர் சட்டை" என்று கேட்டால் எந்த அம்மாவுக்கும் ஞாபகம் வராது.

மகளுக்கு உங்கள் முழுப் பெயரைக் கத்திக் கூப்பிடச் சொல்லிக் கொடுங்கள். இதில் மற்ற நாட்டுக்கும் மலேசியாவுக்கும் வித்தியாசம் இருக்கிறது. பத்துமலையில் நின்று "அம்மா" என்று கூப்பிட்டால் ஐம்பது அம்மாக்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் அதே காரணத்தால் அவள் தமிழிலேயே உதவி கேட்கலாம், அங்கே ஐந்நூறுக்கு மேல் தமிழ்ப் பள்ளிகள் இருக்கிற நாடு அது. தவறிவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும், தேடிப் போகக்கூடாது. பிள்ளையோடு இருக்கிற இன்னொரு அம்மாவிடமோ கவுண்டரில் இருப்பவரிடமோ கையைக் காட்டவேண்டும். "தோலோங்" என்றால் மலாயில் உதவி, அந்த ஒரு சொல்லைச் சொல்லிக் கொடுங்கள், பிள்ளைகள் பாட்டு மாதிரி பிடித்துக்கொள்வார்கள். ரயிலுக்கு ஒரு விதி: கதவு மூடி யாராவது பிரிந்துவிட்டால், பிளாட்பாரத்தில் நிற்பவர் அங்கேயே நிற்கவேண்டும், ரயிலில் போனவர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அங்கேயே நிற்கவேண்டும். பெரியவர் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் முன்னால் ஏறி, பிள்ளைகள் நடுவில், இன்னொருவர் கடைசியில். வீட்டில் இரண்டு நாற்காலியைக் கதவு மாதிரி போட்டு இதை விளையாடிப் பாருங்கள்.

பத்துமலையில் 272 படி. பையனை நடத்திக் கூட்டிப்போகாதீர்கள், தூக்குகிற தூளியில் கட்டிக்கொள்ளுங்கள், கை இரண்டும் உங்களுக்கு வேண்டும். குரங்குகள் படியிலேயே உட்கார்ந்திருக்கும். கையில் பழம், பிஸ்கட், பிளாஸ்டிக் கவர், தண்ணீர் பாட்டில்கூட வெளியே தெரியக்கூடாது. அவை பிடுங்க வரும்போது பிள்ளை இறுக்கிப் பிடிக்கும், கடி விழுவது அந்த நொடியில்தான். கடித்தாலோ நகம் கீறினாலோ, சின்னக் கீறல்தானே என்று விடாமல், குழாய்த் தண்ணீரிலும் சோப்பிலும் முழுசாக 15 நிமிடம் கழுவுங்கள், மணி பார்த்துக் கழுவுங்கள். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடவேண்டும். வெறிநாய்க்கடிக்குப் போடுகிற தடுப்பூசிதான் குரங்குக் கடிக்கும். முதல் ஊசி அங்கே போட்டுக்கொண்டு வந்தால், எந்தத் தேதியில் என்ன போட்டார்கள் என்று எழுதி வாங்கி வாருங்கள், மீதியை இங்கே தொடரலாம்.

சரி, காய்ச்சல். கிளம்புவதற்கு முன்னால் இரண்டு பிள்ளைகளையும் எடை போட்டு ஒரு தாளில் எழுதி மருந்துப் பையில் வையுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும், ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் நாலு தடவைக்கு மேல் கூடாது. இங்கே ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது, நிறையப் பேர் விழுவார்கள். உங்கள் மகன் 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம், அவனுக்கு 180 மில்லிகிராம் வேண்டும். பாட்டிலில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் அது ஏழரை மில்லி. 5 மில்லிக்கு 250 என்று போட்டிருந்தால் 3.6 மில்லி. சொட்டு மருந்தாக 1 மில்லிக்கு 100 என்று இருந்தால் 1.8 மில்லிதான். ஊரில் வழக்கமாக ஏழரை மில்லி கொடுத்தோமே என்று சொட்டு மருந்தை அந்த அளவில் கொடுத்தால் நாலு மடங்குக்கு மேல் போய்விடும், ஈரலைக் கெடுக்கும். அதனால் வீட்டில் நீங்கள் பழகின அதே பாட்டிலை எடுத்துப்போங்கள், அங்கே புதிதாக வாங்கினால் லேபிளில் உள்ள எண்ணைப் படித்துவிட்டு அளவு போடுங்கள். எடையைப் போட்டதும் உங்கள் டாக்டரிடமே மில்லி கணக்கை எழுதி வாங்கிவிட்டால் ராத்திரி இரண்டு மணிக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

இதைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். மெஃப்டால், ஐபுபுரூபென், ஆஸ்பிரின் எதையும் அங்கே காய்ச்சலுக்குக் கொடுக்காதீர்கள், பாராசிட்டமாலோடு இவை கலந்து வருகிற சிரப்புகளும் வேண்டாம். "பாராசிட்டமாலுக்கு இறங்கவில்லை, மெஃப்டால் கொடுத்தேன்" என்று இங்கே தினமும் கேட்கிறேன். மலேசியாவில் வருடம் முழுக்க டெங்கு உண்டு, டெங்குவில் இந்த மருந்துகள் ரத்தக் கசிவைக் கூட்டும். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நாளில்தான் நாம் நிம்மதியாகிறோம், ஆபத்து ஆரம்பிப்பதும் அன்றைக்குத்தான். காய்ச்சல் விட்டபிறகு வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சோர்ந்து படுத்தே கிடப்பது, ஆறு மணி நேரமாக மூத்திரம் போகாதது, இதில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை. அந்தக் கொசு பகலில் கடிக்கும், அதனால் பகலில்தான் முழுக்கை, கொசு விரட்டும் களிம்பு எல்லாம். டீட் உள்ள களிம்பு இரண்டு பேருக்கும் போடலாம், பையனின் கையில் மட்டும் தடவாதீர்கள், வாயில் வைப்பான். ஊர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தாலும் டாக்டரிடம் முதல் வார்த்தையாக மலேசியா போய்வந்தோம் என்று சொல்லுங்கள்.

இருமல் சிரப் எதுவும் பெட்டியில் வைக்காதீர்கள். 2 வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது, 5 வயது வரை பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறையே 2025 அக்டோபரில் அறிவுறுத்தியிருக்கிறது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒரு பத்து வையுங்கள், பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அதே அளவு, ஒரு லிட்டர் பாக்கெட்டை டம்ளரில் கலக்கக்கூடாது. மகளின் இன்ஹேலரும் ஸ்பேசரும் கைப்பையில், பெட்டியில் இல்லை, அதோடு இன்னொரு இன்ஹேலர் உபரியாக. எல்லா மருந்தும் வாங்கின அட்டைப்பெட்டியோடு, சீட்டோடு இருக்கட்டும், அத்தையின் சுகர், பிரஷர் மாத்திரைகளும் அப்படித்தான். டப்பாவில் கொட்டி எடுத்துப்போகக்கூடாது, மலேசியாவில் மருந்து, போதைப்பொருள் சட்டங்கள் மிகக் கடுமை. பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசி போடவில்லை என்றால் இப்போதே போடுங்கள், முதல் தடவை என்றால் நாலு வார இடைவெளியில் இரண்டு வேண்டும்.

அங்கே டாக்டருக்குக் கஷ்டம் இல்லை. "கிளினிக்" என்ற பலகை தெருவுக்குத் தெரு இருக்கும், "24 ஜாம்" என்று போட்டிருந்தால் 24 மணி நேரமும் திறந்திருக்கும். "கெச்செமாசான்" என்றால் அவசரப் பிரிவு. கோலாலம்பூரில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான அரசு மருத்துவமனை ஹாஸ்பிடல் துங்கு அசிசா. ஆம்புலன்ஸ், போலீஸ் எல்லாவற்றுக்கும் 999. ஆனால் வெளிநாட்டவருக்கு அரசு மருத்துவமனையிலும் கட்டணம் அதிகம், அதனால் நாலு பேருக்கும் பயணக் காப்பீடு எடுங்கள். அத்தைக்கு ஏற்கெனவே உள்ள நோய்களைப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.

விமானத்தில் தூக்க சிரப் வேண்டாம். ஃபெனர்கன் மாதிரி மருந்துகள் சின்னப் பிள்ளைகளுக்கு மூச்சை மந்தமாக்கும், சில பிள்ளைகளுக்குத் தூக்கத்துக்குப் பதில் வெறி பிடித்த மாதிரி அழுகைதான் வரும், நடு வானத்தில் இரண்டுக்கும் உதவி இல்லை. நாலு மணி நேரம்தான் பயணம். ஏறுவதற்கு முன்னால் ஏர்போர்ட்டில் நன்றாக ஓட விடுங்கள். இறங்க ஆரம்பிக்கும்போது, தரையைத் தொடுவதற்கு அரை மணி நேரம் முன்னால், எழுப்பி ஏதாவது உறிஞ்சவோ விழுங்கவோ கொடுத்துக்கொண்டே இருங்கள், காது அடைப்புக்கு அதுதான் மருந்து. அழுதால் அழட்டும் அம்மா, விமானத்தில் இருப்பவர்களும் பிள்ளை பெற்றவர்கள்தான்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளின் பாஸ்போர்ட் 5 வருடம்தான் செல்லும், மகளுடையதில் இன்னும் 6 மாதமாவது பாக்கி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இந்திய பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம் என்ற சலுகை 2026 டிசம்பர் 31 வரை இருக்கிறது. ஆனால் டிஜிட்டல் வருகை அட்டையைப் போய்ச் சேருவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்பவேண்டும், பிள்ளைகள் இருவருக்கும் தனித்தனியாக. அது இலவசம், பணம் கேட்டால் அது போலித் தளம். அப்பா கூட வராததால் "என் மனைவியோடும் தாயாரோடும் பிள்ளைகள் பயணம் செய்யச் சம்மதம்" என்று அவர் கையெழுத்திட்ட கடிதமும், பிறப்புச் சான்றிதழ் நகலும் கைப்பையில் இருக்கட்டும். அதிகாரிகள் கேட்காமலே விடலாம், கேட்டால் அந்த நேரத்தில் தேட முடியாது. எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக் கணவருக்கும் அனுப்பி வையுங்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலீஸ் புகார், அப்புறம் கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகம்.

உங்கள் கணவர் சொன்னதில் பாதி சரிதான், அங்கே எல்லாம் கிடைக்கும். மீதிப் பாதிக்கு அவரும் சேர்ந்து வேலை செய்யவேண்டும். பால்கனி விவரம், குழந்தை இருக்கை, ரயில் டிக்கெட், இந்த மூன்றையும் அவரிடமே விட்டுவிடுங்கள், சிங்கப்பூரிலிருந்தே போனில் முடித்துவிடுவார். முதல் இரண்டு நாளும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய நீங்கள் ஒருத்தியாகத்தான் கண் வைத்திருக்கப் போகிறீர்கள், அது சின்ன வேலை இல்லை. அதனால் அவர் வந்து இறங்கி, குளித்துச் சாப்பிட்டு முடித்ததும், விசிலை அவர் கழுத்தில் போட்டு "இப்போது நீங்கள்" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் தூங்குங்கள்.